டியூபுலர் பேட்டரியைக் கழற்றிட்டு லித்தியம் மாட்டலாமா? (வீட்டு இன்வெர்ட்டர்)

மார்ச் 2, 2025. பட்டுக்கோட்டை வாசகர் கேட்டது

850 விஏ ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். கூட இருக்கிற 150 ஏஎச் டியூபுலர் (ஆசிட்) பேட்டரி இப்போ ரெண்டு ஃபேன், நாலு லைட்டுக்கு ஒரு மணி நேரம்கூட நிக்கல. 100 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் நாலும், 100 ஆம்பியர் பிஎம்எஸ் (செல்லைக் காக்கிற சர்க்யூட் போர்டு) ஒண்ணும் வாங்கி வச்சிருக்கேன். "அதுவும் 12 வோல்ட், இதுவும் 12 வோல்ட், அப்படியே மாத்திக்கலாம்"னு கடையில சொல்றாங்க. பிஎம்எஸ் இருக்கும்போது வேற என்ன பயம்? மாட்டிடலாமா அண்ணே?

மார்ச் 2, இரவு

இன்னும் மாட்டாதீங்க தம்பி. 12 வோல்ட்ங்கிறது பெயர்தான். உங்க நாலு செல்லும் வரிசையா சேர்ந்தா மேல் எல்லை 14.6 வோல்ட் (செல்லுக்கு 3.65), கீழ் எல்லை 10 வோல்ட் (செல்லுக்கு 2.5). இன்வெர்ட்டர் ஆசிட் பேட்டரிக்காகச் செஞ்சது. அது எத்தனை வோல்ட் வரைக்கும் சார்ஜ் ஏத்துது, எத்தனை வோல்ட்ல சப்ளையை நிறுத்துதுன்னு அளந்து பார்க்காம செல்லைக் கொண்டுபோய் அதுகிட்ட ஒப்படைக்கக் கூடாது.

முதல்ல மூணு எண் வேணும். ஒண்ணு, சார்ஜ் ஏறி முடியும்போது பேட்டரி டெர்மினல்ல வர்ற அதிகபட்ச வோல்ட். ரெண்டு, நிறைஞ்ச பிறகு அப்படியே பிடிச்சு வச்சிருக்கிற ஃப்ளோட் வோல்ட். மூணு, கரன்ட் இல்லாதப்போ எத்தனை வோல்ட்ல "லோ பேட்டரி" கத்தி ஆஃப் ஆகுதுங்கிறது. மல்டிமீட்டரை இன்வெர்ட்டர் ஒயர்ல வைக்காதீங்க, பேட்டரியோட ஈயத் தலையிலேயே வச்சு அளங்க.

இன்வெர்ட்டர் பின்பக்கம் டியூபுலர், ஃப்ளாட், எஸ்எம்எஃப் (தண்ணி ஊத்தத் தேவையில்லாத சீல் வகை)னு பேட்டரி வகை மாத்தற சின்ன சுவிட்ச் இருக்கான்னு பாருங்க. இருந்தா எஸ்எம்எஃப்ல வச்சும் ஒருதடவை அளங்க. டியூபுலர்ல வச்சா சில மாடல் அப்பப்போ 15 வோல்ட்டுக்கு மேலயும் ஏத்தும். அது ஆசிட் பேட்டரிக்கு மருந்து. லித்தியம் செல்லுக்கு 15 வோல்ட்னா சராசரி 3.75, எல்லைக்கு வெளியே.

மார்ச் 3

"பிஎம்எஸ் இருக்கே"ங்கிறதுக்குத் தனியா பதில் சொல்லணும்.

பிஎம்எஸ் தினமும் வேலை செய்யற சார்ஜ் கன்ட்ரோலர் இல்லை, கடைசிக் காவல். தினமும் அதுதான் சார்ஜை வெட்டுதுன்னா அமைப்பு தப்பு. காரணம் இது: ஒரு செல் 3.65-ஐத் தாண்டினதும் பிஎம்எஸ் சார்ஜ் பாதையை மூடும். அந்த நொடியில இன்வெர்ட்டருக்கு எதிர்ல பேட்டரி இல்லை, உள்ளே இருக்கிற கெபாசிட்டர் மட்டும்தான். அதுவரை வோல்ட்டேஜை அமுக்கிப் பிடிச்சிருந்தது பேட்டரி. அது விலகினதும் சார்ஜர் வோல்ட் எகிறும். சில இன்வெர்ட்டர் "பேட்டரி ஹை"ன்னு நின்னுடும், சிலது ரிலே டக்கு டக்குன்னு அடிக்கும், பழசா இருந்தா மாஸ்ஃபெட் (உள்ளே சுவிட்ச் வேலை செய்யற பாகம்) போகும்.

கீழ்ப்பக்கமும் அப்படித்தான். பெரும்பாலான இன்வெர்ட்டர் 10.5 வோல்ட் பக்கம் ஆஃப் ஆகும். செல்லுக்கு 2.62 சராசரி. ஆனா நாலு செல்லும் ஒரே மாதிரி இறங்காது. பலவீனமானது முன்னாடியே 2.5-ஐத் தொட்டு, பிஎம்எஸ் வெட்டிடும். அப்புறம் கரன்ட் வந்தாலும் இன்வெர்ட்டர் தன் டெர்மினல்ல சைபர் வோல்ட்தான் பார்க்கும். பேட்டரியே இல்லைன்னு நினைச்சு சார்ஜ் போடாது. வெளியிலிருந்து தனி சார்ஜரை வச்சு எழுப்பினாத்தான் உண்டு. கஜா மாதிரி புயல் அடிச்சு பல நாள் கரன்ட் இல்லாத ஊர்ல இது சின்ன விஷயமில்லை. இந்தச் சிக்கலுக்குத் தனி லோ வோல்ட்டேஜ் கட்-ஆஃப் போட்டு, லோடு ஓடும்போதே 12.0 வோல்ட்ல நிறுத்திடணும். அந்த இடத்துல செல்லுல ஏறக்குறைய பத்து சதவீதம் மிச்சம் இருக்கும், பிஎம்எஸ் தூங்காது.

மார்ச் 4

முதல் குறிப்போட இதைச் சேர்த்துப் படிங்க. அளக்கச் சொன்னது சரி, ஆனா சாகப்போற பேட்டரியை வச்சு அளந்தா எண் ஏமாத்தும். உள்ளே ஒரு செல் ஷார்ட் ஆகியிருந்தா ரெண்டு வோல்ட் குறைஞ்சு, எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் 12.8-ல நிக்கும். "நம்ம இன்வெர்ட்டர் 12.8-க்கு மேல ஏத்தாது"ன்னு நம்பி லித்தியத்தை மாட்டினா மறுநாள் நேரா 14.8-க்குப் போகும். சல்ஃபேட் படிஞ்சதுன்னா நேர்மாறு, கொஞ்ச நேரத்துலயே உச்சத்துக்கு ஏறி நிறைஞ்ச மாதிரி நடிக்கும். நல்லா இருக்கிற கார் பேட்டரி ஒண்ணை இரவல் வாங்கி, அதை மாட்டி அளங்க. 35 ஏஎச் போதும். அதுவும் மூடி வச்ச அறையில வேண்டாம், கடைசிக் கட்டத்துல வாயு வரும்.

மார்ச் 4, கோபி வாசகர்

பிஎம்எஸ்லயே பேலன்சர் இருக்கே, செல்லைத் தனித்தனியா சமன் பண்ணணும்னு ஏன் எல்லாரும் சொல்றீங்க?

மார்ச் 5

கணக்குப் போட்டுப் பார்த்தா புரியும். மலிவு பிஎம்எஸ் பேலன்சர் 50 மில்லிஆம்பியர் பக்கம்தான் வடிக்கும். ஒரு செல் மத்ததைவிட 5 ஏஎச் முன்னாடி இருந்தா, 5-ஐ 0.05-ஆல வகுங்க: 100 மணி நேரம். அதுவும் செல் 3.4 வோல்ட்டுக்கு மேல இருக்கும்போதுதான் பேலன்சர் விழிக்கும். தினம் அந்த உயரத்துல அரை மணி, ஒரு மணி நிக்கும். ஆக மாசக்கணக்கு. அதுவரைக்கும் முந்தி நிறையற அந்த ஒரு செல்லுக்காக பிஎம்எஸ் தினமும் வெட்டிக்கிட்டே இருக்கும்.

அதனால கட்டறதுக்கு முன்னாடியே மேல்நிலைச் சமன், அதாவது நாலு செல்லும் முழுசா நிறையற இடத்துல ஒண்ணா நிக்கற மாதிரி பண்றது. முறை இது. நாலு செல்லையும் வரிசையாக் கட்டி, பிஎம்எஸ் வழியா சாதாரணமா சார்ஜ் போட்டு, ஏதாவது ஒரு செல் எல்லை தொட்டு வெட்டுற வரைக்கும் கொண்டுபோங்க. அப்புறம் பிரிச்சு, நாலு பிளஸ்ஸும் சேர்த்து, நாலு மைனஸும் சேர்த்து பேரலலா கட்டுங்க. பெஞ்ச் பவர் சப்ளையை செல்லோட இணைக்கிறதுக்கு முன்னாடியே 3.60 வோல்ட்ல வச்சுட்டு அப்புறம் இணைங்க. நேரடியா பேரலல்ல ஆரம்பிச்சா, பாதி நிறைஞ்ச நாலு செல்லுக்கு 200 ஏஎச் ஏத்தணும், 10 ஆம்பியர் சப்ளையில 20 மணி நேரம். வரிசையில முதல்ல ஏத்திட்டு வந்தா மிச்சம் கொஞ்சம்தான்.

இங்கதான் நிறைய செல் போயிருக்கு: சப்ளை 3.60 காட்டும், செல் தலையில மீட்டர் வச்சா 3.40 காட்டும். ஒல்லி ஒயர்ல 0.2 வோல்ட் விழுது, அவ்வளவுதான். "ஏறமாட்டேங்குதே"ன்னு குமிழைத் திருகி 4 வோல்ட் வச்சுட்டு சாப்பிடப் போறாங்க. கரன்ட் குறையக் குறைய ஒயர்ல விழற வோல்ட்டும் குறையும், முழு 4 வோல்ட்டும் செல்லுல உக்காரும், செல் உப்பும். குமிழைத் தொடாதீங்க. கரன்ட் தானா இறங்கி 2 ஆம்பியருக்குக் கீழ வந்தா வேலை முடிஞ்சது.

உப்பின செல்லை இறுக்கிக் கட்டி மறுபடி பயன்படுத்தற யோசனையே வேண்டாம். இந்த வகை லித்தியம் சட்டுன்னு தீப்பிடிக்காதுங்கிறது உண்மைதான், ஆனா எரியக்கூடிய வாயுவைக் கக்கும்.

மார்ச் 5, பின்னொரு குறிப்பு

ஆக்டிவ் பேலன்சர் வாங்கிப் போடலாமான்னு கேட்டிருக்காங்க. 1 ஆம்பியர் வகை போடலாம், ஆனா 3.4 வோல்ட்டுக்கு மேல மட்டும் வேலை செய்யற மாதிரி அமைக்க முடியணும். இந்த செல் 20-லிருந்து 90 சதவீதம் வரைக்கும் ஏறக்குறைய ஒரே வோல்ட்ல கிடக்கும். அந்த சமதளத்துல சில மில்லிவோல்ட் வித்தியாசத்தை நம்பி சார்ஜை இங்கிருந்து அங்கே மாத்தினா, சமனா இருக்கிறதும் கலைஞ்சுடும்.

மார்ச் 7

கட்டும் வேலை. நிதானமா செய்யுங்க.

செல்லோட வெளி உறை அலுமினியம். அதுமேல ஒரு மெல்லிய நீல பிளாஸ்டிக் தோல் மட்டும்தான். ரெண்டு செல் உரசிக் கிழிஞ்சா ஷார்ட். நடுவுல அரை மிமீ கிளாஸ் எபாக்ஸி ஷீட் வைங்க, அடியிலயும் ஒண்ணு. இரும்பு ஸ்டாண்டுல நேரா வைக்க வேண்டாம்.

10 மிமீ ஸ்பேனரோட பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுத்துங்க, திருகுற வாய் மட்டும் தெரியட்டும். மோதிரம், வாட்ச், கழுத்துச் சங்கிலி கழற்றிடுங்க. செல் தலையில இருக்கிற மரை அலுமினியம், எம்6. 4 நியூட்டன் மீட்டர் போதும், 6-ஐத் தாண்டினா மரை கையோட வந்துடும். பஸ்பார் (செல்லுகளை இணைக்கிற உலோகப் பட்டை) வைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு முகத்தையும் நைஸ் எமரி பேப்பரால லேசாத் தேய்ச்சு, ஸ்பிரிட்ல துடைச்சு உடனே மூடுங்க. அலுமினியம் காத்துப் பட்ட உடனே மறுபடி ஆக்சைடு பிடிக்க ஆரம்பிக்கும்.

பிஎம்எஸ்ஸோட தடித்த பி மைனஸ் ஒயரை (செல் வரிசையோட மைனஸ் முனைக்குப் போறது) முதல்ல மாட்டுங்க. பேலன்ஸ் ஒயர் அஞ்சையும் செல்லுல மாட்டுங்க, ஆனா சின்ன வெள்ளை கனெக்டரை பிஎம்எஸ்ல சொருகாதீங்க. மல்டிமீட்டரோட கறுப்பு முனையை கனெக்டரோட முதல் பின்னுல வச்சு, சிவப்பு முனையை ஒவ்வொரு பின்னா நகர்த்துங்க. 3.3, 6.6, 9.9, 13.2ன்னு படி ஏறணும். படி தவறினாலோ, ஒரு இடத்துல மைனஸ் காட்டினாலோ ஒயர் மாறியிருக்கு. ரெண்டு பின் ஒரே எண் காட்டினா ரெண்டு ஒயர் ஒரே தலையில இருக்கு. இந்தச் சோதனையைத் தாண்டிச் சொருகினவங்களோட பிஎம்எஸ்தான் முதல் நாளே புகைஞ்சு போறது.

மார்ச் 8, தஞ்சை வாசகர்

ஃபியூஸுக்குப் பதிலா வீட்டு போர்டுல போடற 63 ஆம்பியர் எம்சிபி போட்டிருக்கேன். டிரிப் ஆனா திரும்ப ஏத்திக்கலாம், ஃபியூஸ் வாங்க அலைய வேண்டாம்.

மார்ச் 8

அதைத் தயவுசெஞ்சு இன்னிக்கே கழற்றுங்க. ஏசி கரன்ட் நொடிக்கு 100 தடவை சைபரைத் தொடும், அந்த இடைவெளியில பொறி அணையும். டிசிக்கு அந்த இடைவெளி கிடையாது. இன்னொண்ணு, ஷார்ட் ஆனா இந்த செல் என்ன தரும்னு பாருங்க. நாலு செல், பஸ்பார், ஒயர் எல்லாம் சேர்ந்த மொத்தத் தடை 4 மில்லிஓம்னு வச்சுக்கிட்டா, 12.8-ஐ 0.004-ஆல வகுத்தா 3,200 ஆம்பியர். டியூபுலர் பேட்டரியைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு இது பிடிபடாது. பிஎம்எஸ் வெட்டும்தான், ஆனா அதோட மாஸ்ஃபெட் செத்தா பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும், அதாவது கரன்ட் போற பாதை திறந்தே கிடக்கும்.

ஃபியூஸ்ல ரெண்டு எண் பாருங்க: ஓடற கரன்ட் ஒண்ணு, எவ்வளவு பெரிய ஷார்ட் கரன்ட்டை நிறுத்த முடியும்ங்கிற வெட்டும் திறன் இன்னொண்ணு. கார்ல வர்ற பிளேடு ஃபியூஸுக்கு வெட்டும் திறன் 1,000 ஆம்பியர் பக்கம்தான். டிசி மதிப்பு அச்சடிச்ச எச்ஆர்சி ஃபியூஸ் அதோட அடிக்கட்டையோட எலக்ட்ரிக்கல் கடையில கிடைக்கும். கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் கிடைச்சா இன்னும் நல்லது, வெட்டும் திறன் 20,000. 850 விஏ இன்வெர்ட்டர் முழு லோடுல 680 வாட்னு வைங்க, 85 சதவீதத் திறன்ல 12 வோல்ட்டுக்கு 67 ஆம்பியர். 100 ஆம்பியர் ஃபியூஸ் சரியா இருக்கும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள வைங்க. ஃபியூஸ் இன்வெர்ட்டர் பக்கம் இருந்தா, இடையில இருக்கிற ஒயருக்குக் காவல் இல்லை.

மார்ச் 9

ஒயர். இன்வெர்ட்டரோட வர்றது பல சமயம் 10 சதுர மிமீ. போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர்னு வச்சா தடை 3.5 மில்லிஓம். 65 ஆம்பியர்ல 0.23 வோல்ட் விழும், 15 வாட் சூடாப் போகும். 25 சதுர மிமீ போட்டா இது ஆறு வாட்டுக்கு வந்துடும். ஹார்டுவேர் கடையில வெல்டிங் கேபிள் வாங்கறவங்க ஒரு இழையை பிளேடால சுரண்டிப் பாருங்க. உள்ளே வெள்ளையா இருந்தா அலுமினியம். செம்பு முலாம் பூசின அலுமினியம் பார்க்க அப்படியே செம்புதான்.

லக் (ஒயர் முனையில வர்ற உலோகக் காது) அடிக்கிறது சுத்தியலாலயோ பிளையராலயோ வேண்டாம். ஹைட்ராலிக் கிரிம்பர் வாடகைக்குக் கிடைக்கும், இல்லைன்னா பேனல் போர்டு செய்யறவங்ககிட்ட கொண்டுபோனா அடிச்சுக் கொடுப்பாங்க.

மார்ச் 11, பட்டுக்கோட்டை வாசகர்

கார் பேட்டரி வச்சு அளந்துட்டேன் அண்ணே. டியூபுலர்ல 14.7. எஸ்எம்எஃப்ல 14.1, ஃப்ளோட் 13.6. லோ கட் 10.6. ஒரு சந்தேகம், பழைய பேட்டரியையும் கழற்றாம லித்தியத்தோட பேரலலா விட்டா கூடக் கொஞ்ச நேரம் வராதா?

மார்ச் 11

எண்கள் நல்லா இருக்கு. எஸ்எம்எஃப்லயே வச்சு, அந்த சுவிட்ச் மேல டேப் ஒட்டிடுங்க. வேற யாராவது துடைக்கும்போது தட்டி விட்டுடப் போறாங்க. 14.1-ங்கிறது செல்லுக்கு 3.52, ஏறக்குறைய முழுசும் நிறையும். 14.6 வேணும்னு ஏங்க வேண்டாம், கடைசி அரை வோல்ட்ல ஏறுற சார்ஜ் ரொம்பக் கொஞ்சம்.

பேரலல் வேண்டாம். லித்தியம் சும்மா இருக்கும்போது 13.2 வோல்ட். நிறைஞ்ச ஆசிட் பேட்டரி 12.7. ஆக லித்தியம் ராத்திரி பகல் அதுக்குச் சார்ஜ் ஊத்திக்கிட்டே இருக்கும். உங்க பழைய பேட்டரியில ஒரு செல் ஷார்ட் ஆகியிருந்தா, ஊத்தறது எல்லாம் சூடாப் போகும். பழசை மாத்தி எடுக்கிற கடையில கொடுங்க, எடைக்குக் காசு உண்டு. பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-ன்படி அதைத் திரும்பப் பெற ஏற்பாடு பண்றது தயாரிப்பாளர் பொறுப்பு. ஆசிட்டைச் சாக்கடையில ஊத்திட்டு ஈயத்தை மட்டும் எடைக்குப் போடறவங்ககிட்ட கொடுத்துடாதீங்க.

மார்ச் 12

முதல் இணைப்பு கொடுக்கும்போது பொறி பறக்கும், பிஎம்எஸ் "ஷார்ட்"னு நினைச்சு வெட்டும். இன்வெர்ட்டர் உள்ளே இருக்கிற காலி கெபாசிட்டர் ஒரே மூச்சுல கரன்ட்டை இழுக்கறதுதான் காரணம். பைக் இண்டிகேட்டர் பல்ப், 12 வோல்ட் 21 வாட், ஒண்ணு எடுத்து பிளஸ் ஒயருக்கு நடுவுல வைங்க. இன்வெர்ட்டர் சுவிட்ச் ஆஃப்ல இருக்கணும். பல்ப் ஒருதடவை மின்னி மங்கும். மங்கினதும் பல்பை எடுத்துட்டு லக்கை நேரா மாட்டுங்க. மங்காம பளிச்சுன்னு எரிஞ்சுக்கிட்டே இருந்தா அங்கேயே நிறுத்துங்க, பிளஸ் மைனஸ் மாறியிருக்கு, இல்லைன்னா உள்ளே ஷார்ட். பத்து ஓம் ரெசிஸ்டரும் இதே வேலையைச் செய்யும், ஆனா அது இந்தச் சேதியைச் சொல்லாது.

மார்ச் 14, கோபி வாசகர்

கரன்ட் இல்லாதப்போ 4 இன்ச் ஆங்கிள் கிரைண்டர், டிரில், கார்ட்லெஸ் சார்ஜர் எல்லாம் இதுல ஓடுமா?

மார்ச் 14

கிரைண்டர், டிரில், மிக்ஸி எல்லாம் கார்பன் பிரஷ் மோட்டார். ஸ்கொயர் வேவ்ல ஓடும், கொஞ்சம் கூடச் சூடாகும். 670 வாட் கிரைண்டர்னா இன்வெர்ட்டரோட விளிம்பு. ஸ்டார்ட் ஆகும்போது அதைவிடப் பல மடங்கு இழுக்கும், இன்வெர்ட்டரே ஓவர்லோடு காட்டி நிக்கலாம். ஃபேன், லைட் எல்லாம் ஆஃப் பண்ணிட்டு, வட்டு எதையும் தொடாம முழு வேகம் எடுத்த பிறகு இரும்புல வைங்க. 1 மிமீ கட்டிங் வட்டு போடுங்க, அமுக்காதீங்க. இந்த வேலை அடிக்கடி இருக்கும்னா 12 வோல்ட்ல போராட வேண்டாம், 24 வோல்ட் அமைப்புக்குப் போங்க. கரன்ட் பாதியாகும், ஒயர் சூடு கால்வாசி ஆகும்.

டிரில்ல வேகம் குறைக்கிற டிரிகர் ட்ரையாக் வகை. ஸ்கொயர் வேவ்ல அது தடுமாறும், விட்டு விட்டு உதறும். முழுசா அமுக்கி ஓட்டினா பிரச்சனை இல்லை. அரை ஹெச்பி தண்ணி மோட்டார் வேண்டவே வேண்டாம். இண்டக்‌ஷன் மோட்டார், ஸ்டார்ட்டிங்ல அஞ்சாறு மடங்கு இழுக்கும்.

கார்ட்லெஸ் சார்ஜர் நல்ல எஸ்எம்பிஎஸ் வகைன்னா ஏத்துக்கும். கால் மணி நேரம் ஓடவிட்டுக் கையால தொட்டுப் பாருங்க, வழக்கத்தைவிடக் கூடச் சூடா இருந்தா பிடுங்கிடுங்க. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம வெறும் கெபாசிட்டரால வோல்ட் குறைக்கிற மலிவு சார்ஜரும், சின்ன நைட் லேம்பும்தான் ஸ்கொயர் வேவ்ல முதல்ல போகும். அலையோட செங்குத்து விளிம்புல அந்தக் கெபாசிட்டர் வழியா கரன்ட் குத்திக்கிட்டு ஓடும்.

மார்ச் 17

சோலார் சேர்க்கறவங்களுக்கு. 540 வாட் பேனலை பிடபிள்யூஎம் (பேனலை நேரா பேட்டரியோட இணைக்கிற வகை) கன்ட்ரோலர்ல கொடுத்தா, பேனலோட 13 ஆம்பியர் அப்படியே 13.5 வோல்ட்ல இறங்கும்: 175 வாட். மிச்சம் வீண். 40 ஆம்பியர் எம்பிபிடி (பேனலோட கூடுதல் வோல்ட்டைக் கரன்ட்டா மாத்தித் தர்ற வகை) போடுங்க. பேனலோட ஓப்பன் வோல்ட் 50 பக்கம் வரும், அதனால 100 வோல்ட் தாங்குற கன்ட்ரோலர். "லித்தியம்"னு இருக்கிற ரெடிமேட் செட்டிங் சிலதுல 14.6-ல இருக்கும். யூசர் செட்டிங் போய் 14.2, ஃப்ளோட் 13.5, வெப்ப ஈடு (டெம்பரேச்சர் காம்பன்சேஷன்) சைபர்னு மாத்துங்க. பேட்டரியை முதல்ல மாட்டி, பேனலைக் கடைசியா மாட்டணும். கழற்றும்போது பேனல் முதல்ல.

கன்ட்ரோலரோட மைனஸ், இன்வெர்ட்டரோட மைனஸ், லோ கட்-ஆஃபோட மைனஸ் எதையும் பிஎம்எஸ்ஸோட பி மைனஸ்ல மாட்டக் கூடாது, எல்லாத்தையும் வெளிப்பக்க சி மைனஸ்லதான் மாட்டணும் (சிலதுல வேற எழுத்து அச்சடிச்சிருக்கும், செல்லைத் தொடாத தடித்த ஒயர் அது). ஒரே ஒரு மைனஸ் நேரா செல் தலைக்குப் போனாலும் அந்தப் பாதைக்கு பிஎம்எஸ் காவல் இல்லை. இந்தத் தப்பு வெளியில தெரியாது, எல்லாம் நல்லா ஓடற மாதிரியே இருக்கும்.

மார்ச் 23, பட்டுக்கோட்டை வாசகர்

மாட்டியாச்சு. ராத்திரி ரெண்டு ஃபேன், நாலு லைட் அஞ்சு மணி நேரம் ஓடிச்சு, 12.9-க்குக் கீழ இறங்கல. ஃபியூஸ் அடிக்கட்டை மட்டும் கை வச்சா வெதுவெதுன்னு இருக்கு.

மார்ச் 23

வெதுவெதுப்பை விடாதீங்க. 100 வாட் குண்டு பல்ப் நாலு போட்டு லோடு கொடுங்க, பேட்டரியில 37 ஆம்பியர் ஓடும். அளக்கறதுக்கு டிசி பார்க்கிற கிளாம்ப் மீட்டர் வேணும், ஏசி கிளாம்ப் சைபர்தான் காட்டும். மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட்ல வச்சு, ஒரு முனையை லக் மேலயும் இன்னொரு முனையை அது உட்கார்ந்திருக்கிற போல்ட் தலையிலயும் குத்துங்க. ஒவ்வொரு ஜாயின்ட்டா. 5 மில்லிவோல்ட்டுக்குள்ள இருந்தா நல்ல ஜாயின்ட். 20-ஐத் தாண்டினதைக் கழற்றிச் சுத்தம் பண்ணி மறுபடி இறுக்குங்க. லக்குக்கும் ஒயர் இழைக்கும் நடுவுல அதிகம் காட்டினா, கிரிம்ப் சரியில்லை, அந்த லக்கை வெட்டிட்டுப் புதுசு அடிங்க. ஃபியூஸ் கத்தி நுழையற ரெண்டு வாயையும் தனித்தனியா அளங்க. பெரும்பாலும் ஒரு பக்கம்தான் தளர்ந்திருக்கும்.

ஷீட் கூரைக்கு நேர் கீழ வச்சிருந்தா மே மாசத்துக்கு முன்னாடி இடம் மாத்துங்க. செல் 45 டிகிரிக்கு மேல போற இடத்துல சார்ஜ் ஏத்தக் கூடாது.

மார்ச் 24, பட்டுக்கோட்டை வாசகர்

ஃபியூஸ் வாய் ஒரு பக்கம் 31 மில்லிவோல்ட், இன்னொரு பக்கம் 3. கழற்றிப் பார்த்தா ஸ்பிரிங் தகடு விரிஞ்சிருக்கு. வேற அடிக்கட்டை மாத்தினதும் ரெண்டு பக்கமும் 4.